மே மாதத்தோடு கலைந்துபோகும் மாணவர் கிளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறந்து, மாணவர் சங்கங்கள் உறுப்பினர் சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் நேரம் இது. மாணவர் அமைப்புகளின் தலைமை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த வரிசைக்குக் கீழே, கல்லூரி வாசலில், பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போகிறது என்பது அச்சில் வருவதே இல்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வெவ்வேறு கொடிகளின் கீழ் கிளைப் பொறுப்பில் இருந்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொடி வேறானாலும் கிளை படுத்துப்போகும் விதம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

பெயர் வரிசை பெருமைக்குரியதுதான். அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் 1936 ஆகஸ்டில் லக்னோவில் பிறந்தபோது தொடங்கிவைத்தவர் நேரு. அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் 1949இல் வந்தது. இந்திய மாணவர் சங்கம் 1970 டிசம்பரில் திருவனந்தபுரத்திலும், காங்கிரஸின் என்.எஸ்.யூ.ஐ. அடுத்த ஏப்ரலிலும் அமைந்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த என். சங்கரய்யா 1941இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது கைதானார். பட்டம் கைக்கு வரவே இல்லை. 1965 மொழிப்போரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ராசேந்திரன் சிவகங்கைக்காரர். 1985இல் மாவட்டம் பிரியும்வரை சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டம்தான். ஆகவே அவர் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. அந்தப் போராட்டத்தை ஒருங்கிணைத்த மாணவர் குழுவில் இருந்தவர்கள் பலரும் அவரவர் கல்லூரி மாணவர் பேரவைப் பொறுப்பாளர்கள். அதில் ஒருவரான கா. காளிமுத்து பிற்காலத்தில் சட்டப்பேரவைத் தலைவர் நாற்காலி வரை போனார்.

இந்திய மாணவர் சங்கத்தின் அகில இந்தியத் தலைவர் பொறுப்பில் 1974 முதல் 1979 வரை பிரகாஷ் காரத், 1984 வரை எம்.ஏ. பேபி, 1986 வரை சீதாராம் யெச்சூரி என்று மூவர் அடுத்தடுத்து இருந்தார்கள். இந்த மூவருமே பிறகு தங்கள் கட்சியான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார்கள்: காரத் 2005இல், யெச்சூரி 2015இல், பேபி 2025 ஏப்ரலில் நம் பக்கத்து மதுரையில் நடந்த கட்சி மாநாட்டில். எந்தக் கட்சிக்காரரும் யோசிக்கவேண்டிய சங்கதி இது. ஆனால் அந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காரத்துக்கும் பேபிக்கும் ஆளுக்கு ஐந்து ஆண்டு கிடைத்தது. ராமநாதபுரத்தில் ஓர் அரசுக் கல்லூரிக் கிளைச் செயலாளருக்குக் கிடைப்பது எவ்வளவு?

இளங்கலை என்பது ஆறு செமஸ்டர். செமஸ்டருக்கு 90 வேலை நாள். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்றால், ஒரு செமஸ்டரில் தாராளமாக விடக்கூடியது 22 நாள். ஆர்ப்பாட்டம், மனு, மாவட்டக்குழுக் கூட்டம், வீட்டுக் கல்யாணம், காய்ச்சல் எல்லாம் இந்த 22க்குள்தான். இதைக் கணக்கில் வைக்காமல் செயலாளரை எல்லா வேலைக்கும் இழுத்தால், இரண்டாவது செமஸ்டரிலேயே வருகைக் குறைவு என்று அவர் பெயர் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடும். அப்புறம் அவருடைய பிரச்சினையைத் தீர்ப்பதே கிளையின் வேலையாகிவிடும். மினிட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செயலாளரின் விடுப்பு நாட்களை எழுதி வையுங்கள். 15ஐத் தொட்டதும் அடுத்த வேலைக்குத் துணைச் செயலாளர் போகட்டும்.

இதைவிடப் பெரிய பிழை ஆள் தேர்வில் நடக்கிறது. நன்றாகப் பேசுகிறார், எல்லாருக்கும் தெரிந்த முகம் என்று மூன்றாம் ஆண்டு மாணவரைச் செயலாளராக்குகிறார்கள். ஆகஸ்டில் பொறுப்பு ஏற்கிறார். அக்டோபர் பாதியில் இன்டர்னல், நவம்பரில் செமஸ்டர், டிசம்பருக்குப் பிறகு புராஜெக்ட், வேலைக்கு விண்ணப்பம், ஏப்ரலில் கடைசித் தேர்வு. உருப்படியாக வேலை செய்ய அவருக்குக் கிடைப்பது இரண்டரை மாதம். மே மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு போகும்போது சங்கமே அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஜூலையில் வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இருந்தது என்பதே தெரியாது.

செயலாளர் பொறுப்பேற்கும்போது மூன்றாவது செமஸ்டரில் இருப்பவராக இருக்கவேண்டும். இந்த ஆகஸ்டில் ஏற்று அடுத்த ஆகஸ்டில் ஒப்படைத்தால், ஒப்படைத்த பிறகும் அவர் ஒன்பது மாதம் அதே வளாகத்தில் இருப்பார். புதியவருக்குச் சந்தேகம் வந்தால் கேண்டீனில் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டுக்காரர்கள் வாயிற்கூட்டத்தில் பேசட்டும், புதியவர்களைப் பழக்கட்டும். புத்தகமும் முத்திரையும் அவர்கள் கையில் வேண்டாம். 60 உறுப்பினர் உள்ள கிளைக்கு 9 பேர் குழு போதும்: இரண்டாம் ஆண்டு நான்கு, முதலாண்டு மூன்று, மூன்றாம் ஆண்டு இரண்டு.

கிளை மாநாட்டை ஏன் ஆகஸ்டில் வைக்கச் சொல்கிறோம் என்பதற்கு நம் கடற்கரைக்கே உரிய காரணங்கள் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ தயாரான காலண்டர் இங்கே பொருந்தாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுக் கூலியை நம்பிய வீடுகளில் காசு புழங்காது. தடை முடிந்து படகு இறங்கினாலும் முதல் சில மீன்பாடுகளின் காசு வலைக்கும் எஞ்சின் கடனுக்கும்தான் போகும். ஜூன் கடைசியில் உறுப்பினர் சீட்டை நீட்டினால் தங்கச்சிமடத்துப் பையன் நாளைக்குத் தருகிறேன் என்பான். அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தால் வேறு பக்கம் நடப்பான். சந்தா சிறிய தொகைதான், கூச்சம் பெரியது. ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு போங்கள்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இவற்றை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது ஆண்டுதோறும் நடப்பது. முன்பு 144 என்றது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163. அந்த வாரங்களில் ஊர்வலத்தோடு மாநாடு என்று நோட்டீஸ் அடித்தால் நோட்டீஸ் செலவுதான் மிச்சம். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, பாம்பனில் புயல் கூண்டு, நவம்பரில் தேர்வு. ஆகவே ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் கடைசிக்குள் சேர்க்கை, மாநாடு, தேர்வு மூன்றும் முடிந்துவிட வேண்டும். ஏறக்குறைய ஏழு வாரம்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும். மீன் இறக்க, ஐஸ் அடிக்க, கணக்குப் பார்க்க வீட்டுப் பையன்கள் கரையில் நிற்பார்கள். செவ்வாய், வியாழன் காலை 8 மணிக் கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாணவர்களுக்கு வெள்ளி மதியம் ஜும்மா. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர்க்காரர்களுக்கு ஞாயிறு காலை பூசை. இதையெல்லாம் கழித்தால் வியாழன் மதிய இடைவேளை எல்லாருக்கும் ஒத்துவருகிறது. வெள்ளி மதியம் கூட்டம் வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று வேலையறிக்கையில் எழுதுவது அநியாயம்.

மாணவிகளுக்கு இன்னொரு கணக்கு: கடைசி வசதியான பஸ். மாநாட்டில் காலை முழுவதும் வாழ்த்துரை, மதியம் விவாதம், மாலை ஐந்தரைக்குப் புதிய குழுவின் பெயர்ப் பட்டியல் வாசிப்பு என்று வைப்பார்கள். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி மாணவிகள் நாலரைக்கே பஸ் ஏறியிருப்பார்கள். அவர்கள் இல்லாத அரங்கில் ஒன்பது பேரும் ஆண்களாகத் தேர்வாவார்கள். நான்கு மாணவிகளாவது குழுவில் இருக்கவேண்டும் என்றால் நிகழ்ச்சி நிரலை மாற்றுங்கள். காலை பத்துக்குக் கொடியேற்றம், உடனே வேலையறிக்கை, வரவு செலவு, விவாதம், ஒரு மணிக்குள் தேர்தல். விருந்தினர் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். பட்டியலுக்கு மாற்றாக ஒரு பெயர் வந்தாலும் கை தூக்கச் சொல்லாமல் சீட்டு எழுதிப் போடச் செய்யவேண்டும். ஒரே ஊர், ஒரே தெரு ஆட்கள் செயலாளர், தலைவர், பொருளாளர் மூன்றையும் பிடித்துக்கொண்டால் மற்ற ஊர்க்காரர்கள் சண்டை போடமாட்டார்கள்; சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுவார்கள். செயலாளர் கடற்கரை ஊர் என்றால் தலைவர் உள்நாட்டு ஊராக இருக்கட்டும்.

இனி கைமாறும் பொருள்கள். ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும்: மினிட் புத்தகம், ரசீது அடிக்கட்டைகள், மனுக் கோப்பு, உறுப்பினர் பட்டியல், ரப்பர் முத்திரை, கொடி. இந்தப் பை முழுதாகக் கைமாறிய கிளை சாவதில்லை.

மினிட் புத்தகம் தைத்த கெட்டி அட்டை நோட்டாக இருக்கட்டும். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் கையால் எண் போட்டுவிட்டால் பக்கம் கிழிக்க யாருக்கும் தோன்றாது. வந்தவர்கள் கையெழுத்து போட்ட பிறகே கூட்டம் தொடங்கவேண்டும். கூட்டம் நடக்கும்போதே எழுதவேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் எழுதுகிறவரின் கருத்துதான் தீர்மானமாகும். “பஸ் பிரச்சினை விவாதிக்கப்பட்டது” என்று ஒரு வரி பல புத்தகங்களில் இருக்கும். அடுத்த ஆண்டு வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. எந்த ஊர், எத்தனை மணி பஸ், எத்தனை மாணவர், மனுவின் எத்தனை நகல், யாரிடம் கொடுப்பது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதவேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் தருவார்கள். அந்த எண்ணை அதே பக்கத்தில் குறித்து, ரசீதைக் கோப்பில் சேர்க்கவேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி; 30 நாளில் பதில் தரவேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. 2022இல் கல்லூரியில் சேர்ந்த தீவு மாணவர் முதல் செமஸ்டரில் ரயிலில் வந்தார். மறுபடி ரயில் ஓடியபோது அவர் ஆறாவது செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இடையில் தீவுக்கும் கரைக்கும் பஸ் ஒன்றுதான் வழி. ஒரு பிரச்சினையின் ஆயுள் இரண்டேகால் ஆண்டு, ஒரு செயலாளரின் ஆயுள் ஓராண்டு. மனுக் கோப்பு கைமாறாத கிளை, ஒவ்வோர் ஆகஸ்டிலும் அதே கூடுதல் பஸ் கோரிக்கையை முதல் மனுவாகவே எழுதும். அதிகாரியும் அதை முதல் மனுவாகவே வாங்குவார்.

பணத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் திருட்டால் அல்ல, கவனக்குறைவால். ரசீதுப் புத்தகம் வாங்கியதும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மினிட்டில் ஏறவேண்டும். யாரிடம் எந்த எண் வரை கொடுத்தோம் என்று எழுதி அவர் கையெழுத்து வாங்கவேண்டும். திரும்பி வரும்போது கிழித்தது, கிழிக்காதது, தப்பாக எழுதி ரத்து செய்தது மூன்றையும் கூட்டினால் கொடுத்த எண்ணிக்கை வரவேண்டும். ரத்தான ரசீதைத் தூக்கி எறியாமல் அடிக்கட்டையோடு சேர்த்து வைக்கவேண்டும். இப்போது எல்லாரும் ஜிபே பண்ணுகிறேன் என்கிறார்கள். பணம் செயலாளரின் சொந்தக் கணக்கில் விழுந்து, அவருடைய ரீசார்ஜோடும் டீச்செலவோடும் கலந்துவிடுகிறது. பிறகு அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் நிரூபிக்க முடியாது. பொருளாளர் ஒருவரின் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்லி, அன்றே ரசீது எழுதி, வாரம் ஒருமுறை பட்டியல் எடுத்து நோட்டில் ஒட்டினால் பேச்சுக்கே இடமில்லை.

வாட்ஸ்அப் குழு வந்தபிறகு உறுப்பினர் பட்டியலைத் தாளில் எழுதும் பழக்கம் போய்விட்டது. அட்மின் ஒருவர்தான். படிப்பு முடிந்து துபாய்க்கோ திருப்பூருக்கோ போகிறார், சிம் மாற்றுகிறார். குழுவைவிட்டு அவர் வெளியேறியிருந்தால் அட்மின் பொறுப்பு வேறொருவருக்குத் தானாகப் போகும். வெளியேறாமல் எண்ணை மட்டும் கைவிட்டால், புதியவரைச் சேர்க்கவோ பழையவரை நீக்கவோ ஆள் இல்லாமல் குழு அப்படியே உறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருவராக மூன்று அட்மின் வேண்டும். பட்டியல் தாளிலும் இருக்கவேண்டும். தனியார் கல்லூரி மாணவர்களின் பெயரை மட்டும் குழுவில் போடாதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எச்.ஓ.டி. கைக்குப் போனால் பெற்றோரை வரச்சொல்லி டி.சி. பேச்சு தொடங்கிவிடும். அவர்களைக் கல்லூரிக் கிளையில் சேர்க்காமல் ஊர்க் கிளையில் சேர்ப்பது பாதுகாப்பு.

வழக்குகளின் பட்டியலும் அந்தப் பையில் இருக்கவேண்டும். இந்தக் கடற்கரையில் பாதி வீடுகளின் கனவு பாஸ்போர்ட். அனுமதியில்லாமல் மறியல் செய்து பதினைந்து பேர்மீது வழக்குப் பதிவானால், அன்று மாலை, போலீஸ் அடைத்துவைத்த கல்யாண மண்டபத்திலிருந்து விடுவித்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டு கழித்து பாஸ்போர்ட் விசாரணையில் அது தலைகாட்டும். அப்போது சங்கத்தில் யாருக்கும் அவர் யாரென்றே தெரியாது. இதைப் பார்த்த ஊர், அடுத்த பையனைச் சங்கத்துக்கு அனுப்பாது. அனுமதிக் கடிதத்தைக் குறைந்தது ஐந்து நாளுக்கு முன்பே காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வழக்கு விழுந்தால் முதல் தகவல் அறிக்கை நகல், பெயர்கள், வழக்கறிஞர், அடுத்த வாய்தா என்று ஒரே தாளில் எழுதி, வழக்கு முடியும்வரை ஒவ்வொரு செயலாளரும் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கட்டும். தலைமை என்பதன் பொருளை எங்களுக்குக் கேட்டால் இந்த ஒரு தாளைக் காட்டுவோம்.

மாவட்ட மட்டத்தில் வேறு வகைச் சிக்கல். படிப்பு முடிந்தும் தொலைநிலைக் கல்வியில் ஏதோ ஒரு படிப்பில் பெயரைப் போட்டுக்கொண்டு பொறுப்பிலேயே இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பைக் குறைசொல்ல மாட்டோம். காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் பகலில் அலைய வகுப்பு இல்லாத ஆள் ஒருவர் தேவைதான். ஆனால் மாவட்டக் குழுவில் பாதிப்பேருக்காவது நடப்புச் செமஸ்டர் ஹால் டிக்கெட் இருக்கவேண்டும். இல்லையென்றால் இன்டர்னல் மதிப்பெண்ணில் நடக்கும் கெடுபிடியோ, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் 1000 ரூபாய் ஒருவருக்கு வராமல் நிற்பதோ குழுவின் காதுக்கே வராது.

அரசுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது 2006 செப்டம்பர் 22. இளங்கலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள், வருகைப்பதிவு 75 விழுக்காடு, போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது, செலவு 5000 ரூபாய்க்குள், அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். வேட்புமனு முதல் முடிவு வரை 10 நாள். கல்லூரி திறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல், முடிவு வந்த இரண்டு வாரத்தில் கணக்கு. கட்சிப் பணம் கூடாது. நிர்வாகிப் பொறுப்புக்கு ஒருமுறைதான் நிற்கலாம். இத்தனை கட்டுப்பாடு போட்ட அதே குழு, சூழல் சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிக்க வேண்டாம், ஐந்து ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாறுங்கள் என்றும் சொன்னது. அந்த ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. இன்றும் நம் பக்கத்தில் பல கல்லூரிகளில் முதல் மதிப்பெண் எடுத்தவரை மேடைக்கு அழைத்து பேரவைத் தலைவர் என்று பேட்ஜ் குத்துகிறார்கள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லவும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆகஸ்ட் என்று நாங்கள் சொல்லும் கணக்கும் குழு சொன்ன எட்டு வாரக் கணக்கும் பொருந்தியே வருகின்றன.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் கிளை மாநாடுகளின் தேதியையும், தேர்வானவர்களோடு அவர்கள் எந்த ஆண்டு மாணவர் என்பதையும் ஒரு வரியில் வெளியிட்டால் உதவியாக இருக்கும். எந்தச் சங்கமானாலும் சரி.

கிளைப் பொறுப்பாளர்களுக்குக் கடைசியாக ஒன்று. மஞ்சப்பையில் ஸ்டேப்ளர் பின் அடித்த தாள் எதுவும் வேண்டாம். நம் ஊர் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பின் துருவேறி, அந்தக் கறை ரசீது எண்ணையே தின்றுவிடும். ஓரத்தில் துளையிட்டு நூல் டேக் போட்டுக் கட்டுங்கள். முத்திரையைத் துடைத்துத் தனிப் பாலிதீனில் சுற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் சங்கக் கிளைப் பொறுப்பாளர்கள்,
தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி,
ராமநாதபுரம் மாவட்டம்.